புதுச்சேரிச் சொல்தாக்களின் படைச்சின்னங்கள்: சேகரிப்பும் சான்றுநிலையும்

ஆய்வுச்சுருக்கம்

பிரெஞ்சுக் காலாட்படையில் பணியாற்றிய புதுச்சேரித் தமிழரின் பதக்கங்கள், தொப்பிச் சின்னங்கள், கைப்பட்டைகள் முதலியன குடும்பங்களின் பெட்டிகளிலிருந்து பழம்பொருள் சந்தைக்கு இடம்பெயர்ந்து வருகின்றன. பிரெஞ்சுப் பதக்கங்களில் பெறுநரின் பெயர் பொறிக்கப்படுவதில்லை. ஆதலால் குடும்பத்தை விட்டு நீங்கிய சின்னம் தன் உரிமையாளரையும் இழந்துவிடுகிறது. இச்சின்னங்களின் வகைகள், காலம் கணிக்கும் முறைகள், உண்மைத் தன்மையை அறியும் வழிகள், ஆவணத் தொடர்பு, பாதுகாப்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சொல்தா, படைச்சின்னம், போர்ச்சிலுவை, உடைமை வரலாறு, தொல்பொருள் சட்டம், மேட்டுப்பாளையம்.

முன்னுரை

போர்க்களத்தில் இன்னார் இன்ன வேந்தனின் படையினர் என்று அறிவதற்காகச் சேரர் போந்தையும் பாண்டியர் வேம்பும் சோழர் ஆரும் சூடினர் என்பதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது. வெட்சி முதல் வாகை வரையான போர்ப்பூக்கள் போரின் கட்டத்தைக் காட்டின. வேந்தரின் குடிப்பூக்களோ படையின் அடையாளத்தைக் காட்டின. படைத்தலைவர்க்கு அளிக்கப்பட்ட ஏனாதி மோதிரம் தனிமனிதனின் தகுதியைக் காட்டியது. இன்றைய படைச்சின்ன ஆய்வில், பிரிவை அறிவிப்பவை என்றும் தனிமனிதனின் செயலைப் போற்றுபவை என்றும் பகுக்கும் முறை தமிழ் மரபுக்குப் புதிதன்று.

பூ வாடிவிடும், வெண்கலம் வாடாது. ஆயினும் வெண்கலம் யாருடையது என்பது மறந்துபோகக்கூடும். புதுச்சேரியில் இன்று நிகழ்வது அதுவே.

சொல்தா என்னும் சொல்

பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவரைப் புதுச்சேரி மக்கள் ‘சொல்தா’ என்பர். படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் இறுதி மெய் ஒலிக்கப்படாத அதே வடிவில் தமிழில் நிலைத்தது. ‘சிப்பாய்’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருந்தும் ‘சொல்தா’ தனியே வாழ்ந்தமைக்குக் காரணம் பொருள் வேறுபாடே. சிப்பாய் உள்ளூர்க் காவற்படையினன். சொல்தாவோ கடல் கடந்து சென்றவர், பிரான்சிலிருந்து ஓய்வூதியம் பெறுபவர், பெரும்பாலும் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவர்.

1881 செப்டம்பர் ஆணையின்படி, தமக்குரிய சமய, சாதிச் சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர். அவர்கள் நிலையான குடும்பப்பெயர் ஒன்றையும் ஏற்றனர். முதல் உலகப் போரில் பிரெஞ்சு இந்தியாவிலிருந்து சென்று உயிர்நீத்தோர்க்காக எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் 1938-இல் திறக்கப்பட்டு, இன்றும் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சூலை 14 அன்று அது ஒளியூட்டப்படுகிறது. 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி பொன்வேன் பிரெஞ்சு இந்தியாவை விடுதலை பிரான்சின் பக்கம் சேர்த்தார். அதனால் லொரேன் சிலுவை புதுச்சேரிக்கும் உரிய அடையாளமாயிற்று. அடுத்து இந்தோசீனப் போரும் அல்ஜீரியப் போரும் வந்தன. 1954 நவம்பர் 1-இல் நடைமுறை அதிகார மாற்றமும் 1962 ஆகஸ்டு 16-இல் சட்டமுறை மாற்றமும் நிகழ்ந்தபோது, குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பை ஒப்பந்தம் வழங்கியது. ஓய்வுபெற்ற வீரர்களின் கூடமாகிய ஃபுவாயே து சொல்தா இன்றும் நகரில் உள்ளது.

இவ்வரலாறு பெரும்பாலும் குடியுரிமை, அரசியல் என்னும் கோணங்களிலேயே ஆராயப்பட்டுள்ளது. வீரர்கள் உடலில் அணிந்த பொருள்கள் சான்றுகளாகக் கொள்ளப்பட்டது குறைவு.

சின்னங்களின் வகையும் காலக்குறிப்பும்

பிரெஞ்சுக் குடியேற்றநாட்டுக் காலாட்படையின் பொதுச்சின்னம் நங்கூரம். அப்படை கடற்படைத் துறையின் கீழ்த் தோன்றியதே இதற்குக் காரணம். கழுத்துப்பட்டை, கெப்பித் தொப்பி, பொத்தான் ஆகியவற்றில் நங்கூரம் காணப்படும். 1915-இல் அறிமுகமான அத்ரியான் தலைக்கவசத்தின் முன்புறத் தகட்டில், சாதாரணக் காலாட்படைக்குத் தீச்சுடர் எழும் கையெறிகுண்டு வடிவமும், குடியேற்றநாட்டுப் படைக்கு நங்கூரம் சேர்ந்த வடிவமும் அமைந்தன. ஆகவே புதுச்சேரி வீடொன்றில் நங்கூரத் தகடு கிடைத்தால் அது கப்பற்படை வீரனுடையது என்று முடிவுகட்டுவது பிழையாகும். விற்பனைக் குறிப்புகளில் இப்பிழை எளிதில் நேரும்.

கைப்பட்டைகள் தனிக் கவனம் பெறவேண்டியவை. 1916 முதல் வழக்கிலிருந்த ‘பிரிஸ்க்’ என்னும் கோண வடிவத் துணிப்பட்டைகளில், வலக்கையில் தைத்தவை போர்க்காயங்களின் எண்ணிக்கையையும் இடக்கையில் தைத்தவை போர்முனையில் கழித்த காலத்தையும் குறித்தன. இடக்கையின் முதற்பட்டை ஓராண்டுக்கும், அடுத்தடுத்த பட்டை ஒவ்வொன்றும் ஆறு மாதங்களுக்கும் உரியது. மூன்று பட்டைகள் இருப்பின் ஈராண்டுகள் என்பது கணக்கு. சீருடை அழிந்துபோய், பட்டை அணிந்த ஒளிப்படம் மட்டும் எஞ்சினாலும் இக்கணக்கைப் போடலாம். ஆனால் ஒளிப்படத்தின் படித்தகடு திருப்பி அச்சிடப்பட்டிருந்தால் வலம் இடமாகி, காயம் சேவைக்காலமாகிவிடும். சட்டைப் பொத்தான் எப்பக்கம் மூடுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நலம்.

பதக்கங்களுள் முதன்மையானது ‘குருவா தெ கேர்’ என்னும் போர்ச்சிலுவை. 1915 ஏப்ரல் 8-ஆம் நாள் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட இதனைச் சிற்பி பர்த்தொலொமே வடிவமைத்தார். இதன் பின்புறத்தில் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். 1914–1915, 1914–1916, 1914–1917, 1914–1918 என நான்கு வடிவங்கள் உண்டு. போர் எப்போது முடியும் என்று அறியாத நிலையில் ஆண்டுதோறும் அச்சை மாற்றினர் என்பதற்கு அந்நான்குமே சான்று. நாடாவின் மேலுள்ள சிறு சின்னம் பாராட்டின் நிலையைக் காட்டும். வெண்கல விண்மீன் ரெஜிமெண்டு அல்லது பிரிகேடு நிலையையும், வெள்ளி விண்மீன் டிவிஷன் நிலையையும், பொன்முலாம் பூசிய வெள்ளி விண்மீன் கோர் நிலையையும், வெண்கல ஈச்ச ஓலை முழுப்படை நிலையையும் குறிக்கும். முதல் போருக்குரிய நாடா பச்சை நிறத்தில் சிவப்புக் கோடுகள் உடையது. 1939-இல் ஏற்படுத்தப்பட்ட இரண்டாம் போர்ச்சிலுவையின் நாடாவோ சிவப்பில் பச்சைக் கோடுகள் உடையது. நாடா நைந்தபின் வேறொன்றை மாட்டிவிட்டால் பதக்கம் ஒரு போரையும் நாடா வேறொரு போரையும் சொல்லும்.

ஐரோப்பாவுக்கு வெளியே நிகழ்ந்த போர்களுக்காக 1921-இல் தனியொரு போர்ச்சிலுவை உண்டாயிற்று. அதன் நாடா நடுவில் வெளிர்நீலமும் ஓரங்களில் சிவப்பும் கொண்டது. இந்தோசீனாவில் பாராட்டுப் பெற்றவர்க்கு இதுவே உரியது. 1953-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தோசீனப் போர் நினைவுப் பதக்கத்தில், அடுக்குக் குடையின் கீழ் மூன்று தலை யானை காணப்படும். அது ஐராவதம். பிரெஞ்சுக் குடியரசு அளித்த பதக்கத்தில் இந்திரனின் ஊர்தி இருப்பதைத் தமிழ் வீரர் ஒருவர் எவ்வாறு உணர்ந்திருப்பார் என்பது நேர்காணலில் கேட்கத்தக்க வினா.

இவை தவிர, சட்டைப்பையின் பொத்தானில் தோல்வாரால் தொங்கவிடப்படும் எனாமல் சின்னங்கள் உண்டு. ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் தனி வடிவம் உண்டாதலின், வீரர் பணியாற்றிய பிரிவை நேரடியாகச் சொல்வது இதுவே. பின்புறத்தில் திராகோ, ஆர்த்யூஸ் பெர்த்ராம், ஓழி முதலிய தயாரிப்பாளர் பெயர் இருக்கும். திராகோ நிறுவனம் தன் பாரிசு முகவரியையும் பொறித்தது. முகவரி மாறியமையால் சின்னத்தின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். இந்தோசீனாவில் உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யப்பட்டவை மெல்லிய தகட்டில், கையால் பற்றவைத்த கொக்கியுடன் இருக்கும். பாரிசு வேலைப்பாட்டின் நேர்த்தி இல்லாமையால் இவற்றைப் போலி என்று ஒதுக்குவோர் உண்டு. களத்தில் அணியப்பட்டவை பெரும்பாலும் இத்தகையவையே என்பதால், ஆய்வாளர்க்கு இவை மிகவும் வேண்டியவை.

பெயரில்லாப் பதக்கம்

சென்னை மாகாணத்திலிருந்து முதல் உலகப் போருக்குச் சென்றவர் பெற்ற பிரித்தானியப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் அவருடைய எண், பதவி, பெயர், பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். காலாட்படையினர்க்கு வெள்ளியிலும், தொழிலாளர் பிரிவுகளில் சேர்ந்த இந்தியர் முதலியோர்க்கு வெண்கலத்திலும் அது வழங்கப்பட்டது. வெண்கலத்தை வெள்ளிக்குக் கீழ்ப்படுத்திய அந்த ஏற்றத்தாழ்வு ஒருபுறம் இருப்பினும், இரண்டிலும் பெயர் உண்டு. நூறாண்டுகள் கழித்து அப்பதக்கம் எந்நாட்டுக் கடையில் கிடைத்தாலும் அது யாருடையது என்று தேடத் தொடங்கலாம்.

பிரெஞ்சு மரபு வேறு. போர்ச்சிலுவையிலோ, 1922-இல் மொர்லோன் வடிவமைத்த வெற்றிப் பதக்கத்திலோ, 1930-இல் சட்டம் பெற்ற போர்வீரர் சிலுவையிலோ பெறுநரின் பெயர் இராது. உரிமையை நிறுவுவது தாளே. பதக்கம் அவ்வுரிமையின் வெளி அடையாளம் மட்டுமே. பல பதக்கங்களை வீரர்கள் தம் பணத்திலேயே நாணயச்சாலையிலோ தனியார் கடைகளிலோ வாங்கிக்கொண்டனர். ஆகவே ஒரே பதக்கம் பல தயாரிப்பாளர்களின் வெவ்வேறு வார்ப்பில் கிடைக்கிறது. ‘அரசு வழங்கியது மட்டுமே அசல்’ என்னும் அளவுகோல் இங்குச் செல்லாது.

நாற்பது வயதில் இழந்த பதக்கத்துக்கு ஈடாக அறுபது வயதில் வாங்கி, ஆண்டுதோறும் சூலை 14 அன்று அணிந்த பதக்கம் அசலா? போர்க்காலத்தில் தயாராகி எவர் மார்பிலும் ஏறாமல் கடைப்பெட்டியிலேயே கிடந்தது அசலா? சேகரிப்பாளர் இரண்டாவதையே விரும்புவர். தேய்மானம் இல்லை, விலை மிகுதி. புதுச்சேரி வரலாற்றை எழுத முனைபவர்க்கு முதலாவதே சான்று. காலத்தால் அசல், அணிதலால் அசல் என்ற இருவேறு பொருள்களையும் பதிவேட்டில் தனித்தனியே குறிப்பது இக்குழப்பத்தைத் தவிர்க்கும்.

போலியை அறிதல்

அச்சால் அடித்த பதக்கத்தின் எழுத்துகள் கூர்மையாகவும் பரப்பு இறுக்கமாகவும் இருக்கும். அசலிலிருந்து வார்ப்பு எடுத்துச் செய்த போலியில் நுண்துளைகளும் மழுங்கிய விளிம்பும், அராவி மறைத்த இணைப்புக் கோடும் காணப்படும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் போலி சற்றே சிறிதாகவும் இருக்கும். நுண்ணளவியால் அளந்தால் தெரியும். பாரிசு நாணயச்சாலையில் 1880-க்குப் பின் செய்தவற்றின் விளிம்பில் வளமைக் கொம்பு முத்திரையும் உலோகத்தின் பெயரும் இருக்கும். சிறு வெள்ளிப் பொருள்களில் காணப்படும் பன்றித்தலை முத்திரை பாரிசில் 1838 முதல் 1962 வரை வழங்கியது. அம்முத்திரை உள்ள பொருளை 1962-க்குப் பிற்பட்டதாகக் கொள்ள இயலாது.

நாடாவைப் புறஊதா ஒளியில் பார்ப்பது எளிய சோதனை. துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வேதிப் பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவலாயின. அவை கலந்த நூல் நீலமாக ஒளிரும். ஆனால் ஒளிரும் நாடா, பதக்கம் போலி என்பதற்குச் சான்றாகாது. நாடா பின்னர் மாற்றப்பட்டது, அல்லது இன்றைய சலவைத்தூளில் துவைக்கப்பட்டது என்பதற்கே அது சான்று.

தேய்மானத்தின் இடமும் பேசும். மார்பில் அணிந்த பதக்கம் பின்புறத்தில் உராயும். பக்கத்துப் பதக்கத்தோடு மோதி விளிம்பு நசுங்கும். முன்புறம் மட்டும் ஒரே சீராகத் தேய்ந்திருப்பின் அது அணிந்ததால் அன்று, துலக்கியதால் வந்தது.

புளியும் உப்புக்காற்றும்

இவ்விடத்தில் ஒரு வீட்டுப் பழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவது போலவே தாத்தாவின் பதக்கத்தையும் துலக்குவது அன்பின் செயலே. ஆயினும் புளியின் அமிலம் வெண்கலத்தின் மேற்பரப்பில் காலத்தால் படிந்த காப்புப் படலத்தை நீக்கிவிடும். ஒவ்வொரு துலக்கலிலும் எழுத்தின் கூர்மை குறையும். பொன்முலாம் பூசிய விண்மீன் முலாம் இழந்து வெள்ளி விண்மீனாகத் தோன்றும். கோர் நிலைப் பாராட்டு டிவிஷன் நிலைக்கு இறங்கிவிடும்.

கடலோர நகரின் காற்றிலுள்ள குளோரைடு மற்றோர் இடர். வெண்கலத்தில் பொடியாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் தோன்றினால் அது பரவும் அரிப்பு. உறுதியாகப் படிந்த கரும்பச்சைப் படலத்தோடு அதனைக் குழப்பிக்கொள்ளல் ஆகாது. அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் மூடிய பெட்டியில் வைப்பது போதுமானது. பிவிசி உறைகள் நாளடைவில் அமிலம் கசியவிடுவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். நாடாவை ஒளியிலிருந்தும் கம்பளித் துணியைப் பூச்சியிலிருந்தும் காப்பது தனி வேலை.

தாளும் பெயரும்

பெயரில்லாப் பதக்கத்துக்குப் பெயர் தருவது படைச்சேவைக் கையேடு. அதில் மத்ரிகுல் எனப்படும் பதிவெண், சேர்ந்த நாள், பிரிவு, போர்கள், காயங்கள், பாராட்டுகள் ஆகியன வரிசையாக எழுதப்பட்டிருக்கும். குடும்பங்களில் ஓய்வூதியத்துக்கான தாள்கள் கவனமாகக் காக்கப்படுவதும், பெறுநரும் மனைவியும் மறைந்தபின் பயனற்றவையாகக் கருதப்பட்டு எறியப்படுவதும் இயல்பு. பதக்கம் விலைபோகும்; தாள் போகாது. சந்தை இவ்விரண்டையும் பிரிக்கும் இடம் அதுவே.

குடும்பத் தாள் இல்லாதபோது பிரான்சின் ஆவணங்கள் உதவும். முதல் உலகப் போரில் ‘பிரான்சுக்காக இறந்தோர்’ அட்டைகள் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மெமுவார் தே சோம்’ இணையதளத்தில் தேடத்தக்க நிலையில் உள்ளன. வேன்சேன் நகரின் படைவரலாற்று நிறுவனம், போ நகரின் படைப்பணியாளர் ஆவண மையம், எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம் ஆகியன அடுத்த நிலையில் அணுகத்தக்கவை. புதுச்சேரியிலேயே இந்தியத் தேசிய ஆவணக்காப்பகத்தின் பதிவு மையம் உள்ளது.

தேடுபவர் எதிர்கொள்ளும் முதல் தடை எழுத்துக்கூட்டல். தமிழின் உகரத்தைப் பிரெஞ்சு எழுத்தர் இரண்டு உயிரெழுத்துகளால் எழுதினர், சகரத்தை இரட்டித்தனர். முத்து, சுப்பராயன், ராமசாமி என்னும் பெயர்களை இன்றைய ஆங்கில வடிவில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ரெனோன்சான் குடும்பங்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. தந்தை பெயரை முன்னிட்டு எழுதும் தமிழ் வழக்குக்கு மாறாக நிலையான குடும்பப்பெயர் வழங்கியமையால், உடன்பிறந்தவர் இருவரின் பதக்கங்கள் ஒருவருடையனவாகப் பதிவாகலாம். பிரெஞ்சு ஆவணத்தைப் படிக்கும் திறன் மட்டும் இதற்குப் போதாது. தமிழ்ப் பெயரிடு முறையை அறிந்தவரின் துணை வேண்டும். தமிழ் ஆய்வுத்துறைகள் பங்களிக்கக்கூடிய இடம் இது.

சட்டமும் சந்தையும் களமும்

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, வரலாற்று மதிப்புடைய பொருள் நூறாண்டுகள் பழமையுற்றால் தொல்பொருளாகும். கையெழுத்துப்படிகளுக்கும் ஆவணங்களுக்கும் எழுபத்தைந்து ஆண்டுகளே எல்லை. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யச் சட்டம் தடை விதிக்கிறது. தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும். 1914–1918 போரின் காலத்தில் செய்த பதக்கங்கள் அனைத்தும் நூறாண்டைக் கடந்துவிட்டன. இந்தோசீனப் போரின் தொடக்கக் காலக் கையேடுகளும் எழுபத்தைந்து ஆண்டைக் கடந்துவிட்டன. இந்தோசீன வீரரின் தாள் வரலாற்று மதிப்பால் தொல்பொருளாகலாம். அவருடைய பதக்கம் இன்னும் ஆகவில்லை. ஒரே உறையிலுள்ள இரண்டுக்கும் சட்டநிலை வேறு.

பிரான்சில் குடியேறும் பேரன் தன் கொள்ளுத்தாத்தாவின் போர்ச்சிலுவையை எடுத்துச் செல்ல விரும்பும்போது இது ஏட்டுச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. பொருள் தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறும் வழி உண்டு. முறையாக விண்ணப்பிக்கும் குடும்பம் தடுக்கப்படலாம், சட்டைப்பையில் போட்டுச் செல்பவர் தடுக்கப்படாமல் போகலாம் என்பது இச்சட்டத்தின் நடைமுறைக் குறை. ஆயினும் பொருள் எங்கிருந்தாலும் அதன் பதிவு இங்கே இருக்கவேண்டும் என்னும் கோரிக்கைக்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

சொல்தாக்களைப் பற்றிய ஆய்வு கடற்கரை நினைவுச்சின்னத்தையும் பிரெஞ்சு நகரப் பகுதியையும் விட்டு வெளியே வரவேண்டும். ஓய்வூதியக் குடும்பங்கள் அங்கு மட்டும் வாழ்ந்தவையல்ல. வீடுகள் இடிக்கப்படும்போது பழைய மரமும் இரும்பும் பித்தளையும் நகரின் விளிம்பை நோக்கியே நகர்கின்றன. உழவர்கரை நகராட்சிப் பகுதியிலுள்ள மேட்டுப்பாளையம் இன்று தொழிற்பேட்டையாலும் சரக்குந்து முனையத்தாலும் அறியப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் துணிவிரிப்பில் பதக்கம் ‘பழைய நாணயம்’ என்று கிடந்தால் அதனை வாங்க ஒருவர் உண்டு. எடைக்குப் போட்ட பித்தளையோடு கலந்துவிட்டால் உலையன்றி வேறு இடமில்லை. ஆகவே களப்பணியாளர் பழம்பொருள் கடைகளுக்குச் செல்வதோடு, மேட்டுப்பாளையம் போன்ற பகுதிகளின் பழைய உலோக வணிகரிடமும் குடியிருப்புகளிலும் நங்கூரப் பொத்தானின் படத்தைக் காட்டிக் கேட்பது தக்கது.

அவ்வாறு ஒரு சின்னம் கண்ணில் பட்டவுடன் விலை பேசுவதற்கு முன் செய்யவேண்டியவை சில. இருபுறமும் விளிம்பும் அளவுகோலுடன் படமெடுத்தல், நாடாவைக் கழற்றாமல் அதன் தையலைக் குறித்தல், எந்தப் பெட்டியில் எவற்றோடு கிடந்தது என்று எழுதுதல், கொடுப்பவர் சொல்லும் உறவுமுறையை அவர் சொன்ன சொல்லிலேயே பதிதல். ‘பெரியப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்தது’ என்னும் ஒரு வரி, அப்பா முறையில் மூத்தவர், இந்தோசீனா, திரும்பிவந்தவர் என்னும் மூன்று செய்திகளைத் தருகிறது. ‘உறவினருடையது’ என்று சுருக்கி எழுதினால் மூன்றும் போய்விடும்.